புகைக்குள் ஊதிய விசில்

இதை எழுத ஏழெட்டு வருஷமாகத் தயங்கினேன். இன்று சாமி விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் லீவு விட்டிருந்த கார்த்திகை மாதம். திருத்தங்கல் அச்சாபீஸ் அணிக்கும் எங்கள் ஊர் அணிக்கும் கால்பந்து இறுதி ஆட்டம். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். மாலை போட்டவன் பொய் சொல்ல மாட்டான் என்று இரண்டு பக்கமும் என்னையே நடுவராக நிறுத்தினார்கள்.

கோல் விழுந்தால் கம்பத்துக்குப் பின்னால் சரவெடி கொளுத்துவது எங்கள் வழக்கம். கடைசி நிமிஷம். அதுவரை ஆளுக்கொரு கோல். எங்கள் ஆள் ஓங்கி அடித்தான். பந்து கோட்டருகே போனதும் வெடி வெடித்து, கம்பம் கோல்கீப்பர் எல்லாவற்றையும் புகை மூடியது. கூட்டம் கத்தியது. நான் கோல் என்று விசில் ஊதிவிட்டேன்.

பந்தை நெஞ்சோடு அணைத்தபடி அச்சாபீஸ் கோல்கீப்பர் ஓடிவந்தான். “கோட்டு மேலயே அமுக்கிட்டேன் சாமி!”

அவன் கேப்டனே அவனை அதட்டினார். “ஏலே, கோல விட்டுட்டு நடிக்காத. மாலை போட்டவரு பொய் சொல்லுவாராலே?”

ஆட்டத்தைக் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் படம் பிடித்திருந்தார். “டிவியில கிரிக்கெட்டுக்குத் திருப்பிப் போடுதாகள்ல, அதே மாதிரி பாத்துருவோம்” என்றான் கோல்கீப்பர். மறுநாள் காலை வீடியோக்காரர் கடையில் கூடினோம்.

மூன்று தடவை ஓட்டினார்கள். கோட்டருகே வெறும் புகை.

“உள்ள போகுது பாரு!” என்றான் எங்கள் ஆள் ஒருவன்.

“எங்கன போகுது? புகையில உனக்கு மட்டும் கண்ணு தெரியுதாக்கும்!”

நான் வேறொன்றைப் பார்த்தேன். பந்து எங்கள் ஆள் காலில் இருக்கும்போதே, படத்தின் மூலையில் ஒரு கை ஊதுவத்தியைத் திரியில் வைத்தது. இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டியவன் நான். திரி எரிந்து ஏறிய பிறகுதான் வெடிக்கும். பந்தை அடிக்கும் முன்பே பற்றவைத்த வெடி அது. அதன் சத்தத்தை நம்பித்தான் நான் விசில் ஊதியிருக்கிறேன்.

அச்சாபீஸ் கேப்டன் என் பக்கம் திரும்பினார். “படத்துல தெரியாட்டிப் போகுது. சொல்லுங்க சாமி, கண்ணால பாத்தீகளா?”

மாலையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். கோல்கீப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதன்பின் அவன் ஆட வரவே இல்லை.

அந்த வருஷம் பதினெட்டுப் படி ஏறியும் மனசின் பாரம் இறங்கவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் அவனே கேட்டான், “நல்லா இருக்கீகளா சாமி?” கழுத்தில் மாலை இல்லாதபோதும் சாமி என்றான். எந்த ஊர் பஸ் என்று பார்க்காமலே ஏறிவிட்டேன்.

அந்தப் படம் தெரியாததைத் தெரியாது என்றே காட்டியது. எனக்குத்தான் அந்தத் தைரியம் இல்லை.

படிக்கிறவர்கள் இதை அச்சாபீஸ்காரர்களிடம் சொல்லுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பந்து உள்ளே போகவில்லை என்று எனக்காகச் சேர்த்துவிடாதீர்கள், அது எனக்குத் தெரியாது. நடுவர் பார்க்கவில்லை, பார்த்ததாகத் தலையாட்டினார். இதை மட்டும் இப்படியே சொல்லுங்கள்.