தண்டலம் ஆய்வகத்தில் எங்கள் மாட்டுச் சளி

1991இல் எங்கள் பசு இருமிச் செத்தது. என் மனைவி மூங்கில் குழாயில் புகட்டிய கஷாயம் நுரையீரலில் இறங்கியதுதான் காரணம் என்று கால்நடை மருந்தகத்தில் எழுதிவைத்தார்கள். அறுத்துப் பார்க்காமலே எழுதினார்கள். அன்றிலிருந்து அவள் மற்ற மாட்டைத் தொடவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். மாட்டு வைத்தியத்தைப் பழைய பேப்பர் கடைப் புத்தகங்களில் படித்தவன். அந்த வரியை மாற்றாமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

சேரப்பணஞ்சேரியில் காலை 6.10க்குப் பேருந்து. ஸ்ரீபெரும்புதூருக்குச் சுமார் 18 கிலோமீட்டர், இரண்டு ரூபாய், நாற்பது நிமிடம். (இன்று தொழிற்சாலை ஷிப்டு வண்டிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.) அங்கே மாறித் தண்டலம் கால்நடை ஆய்வகம். பசுவைப் புதைக்கும் முன் நானே அறுத்தெடுத்த மூச்சுக்குழாயை உப்பும் மஞ்சளும் தடவிப் பையில் வைத்திருந்தேன்.

"இன்னா நைனா, பையில கருவாடா?" என்றார் நடத்துனர்.

"மாட்டுத் தொண்டை."

"அத்த மடியில வச்சிக்கினு குந்திக்கினு வர்றியா? பின்னால போய் நில்லு!"

ஆய்வகத்து மருத்துவர் ஒரு பெண். பையைத் திறந்ததும் சிரித்துவிட்டார். "ஊறுகாயே போட்டுட்டீங்களேண்ணா! உப்புல கிருமியெல்லாம் செத்துப்போயிருக்கும். இது ஒண்ணும் சொல்லாது."

வீட்டில் இன்னொரு மாடும் இருமுகிறது, அதற்கு ஒரு சொட்டுக் கஷாயமும் கொடுக்கவில்லை என்றேன்.

"அப்போ அது மூக்குச் சளியைப் பஞ்சுல எடுத்து ஐஸ்ல வச்சு கொண்டாங்க."

மறுநாள் பிளாஸ்கோடு போனேன். கசாப்புக் கூடத்திலிருந்து வந்த நல்ல மூச்சுக்குழாயை வளையல் வளையலாக நறுக்கி, வெதுவெதுப்பான இளஞ்சிவப்பு நீரில் உயிரோடு வைத்திருந்தார். சளியை வடிகட்டிச் சில வளையங்களில் மட்டும் விட்டார்.

ஐந்து நாள் கழித்து மூன்றாம் பயணம். நுண்ணோக்கியில், சளி படாத வளையத்தின் உள்விளிம்பு முழுக்க மெல்லிய மயிர்கள் அடித்துக்கொண்டிருந்தன. கரித்தூளைப் போட்டால் தள்ளிக்கொண்டே போயின. சளி பட்ட வளையத்தில் மயிர்கள் நின்று, உள்தோல் உரிந்து மிதந்தது. கரித்தூள் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"வைரஸ் இதைத்தான் முதல்ல அழிக்குது. அப்புறம் தண்ணி உள்ள போனாக்கூட மாட்டால வெளிய தள்ள முடியாது. இருமுற மாட்டுக்குக் கஷாயம் வேணாம்ணா."

எழுதிக் கொடுத்தார். மருந்தகத்தில் காட்டினேன். "செத்த மாட்டுக்கும் இதுதான்னு எப்டி சொல்ற? போய்யா," என்றார்கள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சளியை ஐஸில் கொண்டுபோக வேண்டியதும், இருமும் மாட்டைத் தனியே கட்ட வேண்டியதும் மாட்டுக்காரர். அறுத்துப் பார்த்த பிறகே காரணம் எழுத வேண்டியது மருத்துவர். என் மனைவி பெயருள்ள வரியை அடிக்க வேண்டியது மருந்தகம். அடிக்க மாட்டார்கள் என்றால் பெயரையாவது மாற்றட்டும். அவள் கஷாயம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். புகட்டச் சொன்னவன் நான்.