வீட்டாலை எழும்பினவையும் என்ரை பட்டாவும்

வீடு மாறுறவையின்ரை சாமான் ஏத்துற தொழிலிலை ஒரு வசதி இருக்கு: எந்த வீடு எப்ப வெறுமையாகுது எண்டு ஊருக்கு முன்னம் எனக்குத் தெரிஞ்சிடும். சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்திலைதான் என்ரை பட்டா நிக்கும். பட்டா எண்டால் சின்ன லொறி. அலுமாரி, கட்டில், காஸ் சிலிண்டர், கோழிக்கூடு எல்லாம் ஒரே தரத்திலை கொள்ளும்.

வாடகை வீட்டிலை இருக்கிற சனங்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நானும் உங்கடை கூட்டந்தான். போன வருசம் வீட்டுக்காரர் கனடாவிலை இருந்து கோயில் திருவிழாவுக்கு வாறார் எண்டு எங்களை வீட்டாலை எழும்பச் சொல்லிப்போட்டினம். மனுசியும் ஒன்பது வயசு மகள் அபியும் கொடிகாமத்திலை மனுசியின்ரை தமையன் வீட்டை போயிட்டினம். அங்கை ஏற்கெனவே ஆறு பேர், எனக்குப் படுக்க இடமில்லை. நான் சுன்னாகத்திலை ஒரு கடைக்குப் பின்னாலை ஒரு அறையிலை கிடக்கிறன். ஒரு மாதத்துக்கெண்டு சொல்லித்தான் போனவை, பதினாலு மாதமாச்சு. இந்தப் பக்கத்திலை ஒரு வீடு பிடிச்சு ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரோணும். வேறை யோசனையே எனக்கு இல்லை. ஆற்றை வீட்டுக்குச் சாமான் ஏத்தப் போனாலும் கண் முதல் அந்த வீட்டைத்தான் பாக்கும்.

கட்டு அவிழ்க்காத பெட்டி

மானிப்பாயிலை ஒரு ரீச்சர் அக்கா, ரெண்டு பிள்ளையள். மூண்டு வருசத்திலை நாலு தரம் அவையை ஏத்தி இறக்கினது நான்தான். எங்கடை வழக்கப்படி புது வீட்டுக்குள்ளை உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் சாமிப் படமும் முதல் போகோணும். அதெல்லாம் முடிஞ்சு பெட்டியளை இறக்கினால், மூண்டு பெட்டியிலை கிடக்கிறது என்ரை கயிறு! போன தரம் நான் போட்ட அதே முடிச்சு. ஒரு வருசமா என்ரை கயிறைத் தேடித் திரியிறன், இவை இதை அவிழ்க்கவே இல்லை.

"அக்கா, கயிறைத் தாங்கோ" எண்டு முடிச்சிலை கையை வைச்சன். அவவின்ரை சின்ன மகள் ஓடிவந்து பெட்டிக்கு மேலை ஏறிக் குந்திவிட்டுது.

"அவிழ்க்காதேங்கோ மாமா, பிறகும் நீங்கள்தானே வந்து கட்டோணும்."

ஆணி

குருநகரிலை ஒரு கடல்தொழில் குடும்பம். இருந்த வீட்டிலை சுவருக்கு ஒரு ஆணி அடிக்க விடேல்லையாம். மாதா படம் ரெண்டு வருசமா அலுமாரிக்கு மேலை சாத்தினபடி இருந்திருக்கு. இந்த வருத்தம் எனக்கும் தெரிஞ்சதுதான். எங்கடை வீட்டிலையும் கலண்டர் கதிரையிலைதான் தொங்கினது.

புது வீட்டிலை போய் இறங்கினவுடனை தாய்க்காரி தண்ணி வருதோ, கரண்ட் இருக்கோ எண்டு கேக்கேல்லை. ஆணி அடிக்கலாமோ எண்டுதான் கேட்டா. வீட்டுக்காரர் கூடாது எண்டிட்டார், புதுப் பெயின்ராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த ஆணியை அந்தாளின்ரை தலையிலை அடிக்கலாம் போலை இருந்துது. தாய்க்காரி ஒரு சிரிப்புச் சிரிச்சுப்போட்டு, படத்தைத் திரும்பவும் அலுமாரிக்கு மேலை வைச்சா.

"பரவாயில்லை அண்ணை, மாதாவும் எங்களோடை வாடகைக்குத்தானே இருக்கிறா."

விளக்கு வைக்க ஒராள்

இணுவிலிலை நாலு அறை வீடு, நல்ல தண்ணிக் கிணறு. வீட்டுச் சொந்தக்காரர் லண்டனிலை. இருந்த குடும்பத்தை எழுப்பினவுடனை நான்தான் அவையின்ரை சாமான் ஏத்தினன். வீட்டைப் பாக்கிறது சொந்தக்காரரின்ரை பெரியப்பா, இளைப்பாறின கிளாக்கர் ஐயா. தினமும் பின்னேரம் சைக்கிளிலை வந்து, ஒரு விளக்கை வைச்சு, ஒரு லைற்றைப் போட்டிட்டுப் போவார். ஆள் இருக்கிற வீடு போலை தெரியோணுமாம்.

"ஐயா, ஆள் இருக்கிற வீடு போலை ஏன், ஆளாவே நாங்கள் இருக்கிறம்" எண்டு கேட்டன். மனுசி, ஒரே ஒரு மகள், சத்தம் சலார் இல்லை எண்டு மானத்தை விட்டுக் கெஞ்சினன். அவருக்கு என்னிலை விருப்பம். போன குடும்பத்துப் பிள்ளையள் சுவரிலை கீறின கீறலுகளைத் தடவிப் பாத்தார். பிறகு கதவைப் பூட்டி, திறப்புக் கோர்வையை மடியிலை செருகினார்.

"நீர் தனி ஆள் எண்டால் இப்பவே வந்து இரும் தம்பி, பிள்ளை குட்டி எண்டால் வேண்டாம்."

அண்டைக்கு அறைக்குப் போய்ச் சாப்பிட மனமில்லை. அபிக்கு ஃபோன் எடுத்து, வீடு கிட்டமுட்டச் சரி எண்டு ஒரு பொய் சொன்னன்.

அபியின்ரை பை

கடைசியா ஏழாலையிலை ஒரு வீடு அம்பிட்டுது. ரெண்டு அறை, ஒரு குசினி, பங்குக் கிணறு, ஒரு வருச வாடகை எழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலமை பட்டாவோடை கொடிகாமம் போனன். வழியெல்லாம் எனக்குப் பாட்டுத்தான். தொழில் புத்தி விடுமே? போய் இறங்கினதும் ஆரையும் ஒரு வார்த்தை கேக்காமல் ஏத்தத் துவங்கிட்டன். முதல் அபியின்ரை மேசை, பிறகு உடுப்புப் பெட்டி, அதுக்கு மேலை பள்ளிக்கூடப் பை. அவள் வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த வீட்டிலை எவ்வளவு நாளைக்கு?"

"ஒரு வருசம் குஞ்சு. பிறகும் நீட்டித் தருவினம்."

"தராட்டி?"

மனுசியைப் பாத்தன். "இஞ்சாருங்கோ, அவளுக்கு இது மூண்டாவது பள்ளிக்கூடம். இப்பத்தான் பக்கத்திலை இருக்க ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கு. இன்னொருக்கா அவளை இழுக்கேலாது" எண்டு மெதுவாச் சொன்னா. இவைக்காண்டி பதினாலு மாதம் வீடு தேடி அலைஞ்ச எனக்கு, இவை இஞ்சை பழகிப்போனது தெரியேல்லை. நானும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்.

அபி பட்டாவிலை ஏறித் தன்ரை பையை எடுத்துத் தோளிலை கொழுவினாள். என்ரை முகத்தைப் பாத்துப்போட்டுக் கிட்ட வந்தாள்.

"கோவிக்காதேங்கோ அப்பா, லீவு விட்டவுடனை நான் உங்கடை வீட்டை வாறன்."

ஊரெல்லாம் குடும்பம் குடும்பமாக் கொண்டுபோய் இறக்கின பட்டா, அண்டைக்கு ஏழாலை வீட்டு வாசலிலை ஒரு பாயையும் ஒரு கேத்திலையும் என்னையும் இறக்கிப்போட்டு நிண்டுது.