வாடிவீட்டில் பியானோ வாசித்தவர்

இரண்டாவது உலக யுத்த காலம். பலாலியில் விமானத்தளம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள் லொறிகளிலும் ஜீப்புகளிலும் யாழ்ப்பாணம் முழுக்கத் திரிந்தார்கள். காங்கேசன்துறைக் கடற்கரையில் பயணிகள் தங்குவதற்கென்று இருந்த ஒரு வாடிவீட்டில் சனிக்கிழமை தோறும் பியானோ, நடனம், மதுபானம், விருந்து என்று ஒரே கொண்டாட்டம். வெளியே இருட்டடிப்பு என்பதால் யன்னல்களுக்கெல்லாம் கறுப்புச் சீலை. உள்ளே பகல் மாதிரி வெளிச்சம். அந்த இடத்துக்கு என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் போனேன். அதுவே போதும் என்று ஆகிவிட்டது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவர் பட்டினத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வண்ணார்பண்ணையில் வாடகைக்கு இருந்தோம். நான் பிறந்தது நீர்வேலி. என் தகப்பனாருக்கு அங்கே வாழைத்தோட்டம். ஆனால் ஊரில் அவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய மதுவிலக்குச் சங்கத்தைத் தெரியும். எங்கள் பக்கத்துக் கள்ளுத் தவறணையை மூடவைத்த ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்று பாடிக்கொண்டு போன சிறுமிகளில் நானும் ஒருத்தி. குடிப்பவர்களை மனிதர்களாகவே நாங்கள் நினைத்ததில்லை.

யுத்த நிதிக்காக அந்த வாடிவீட்டில் ஒரு விருந்து நடந்தது. கணவருடைய கந்தோரின் தலைமைக் கிளாக்கரும் மனைவியும்தான் அதற்கு முன்னின்றார்கள். கந்தோர்க்காரர் மனைவிமாரோடு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் உப்பிடியான இடத்துக்கு வரமாட்டன்," என்றேன்.

"போகாட்டில் பெரியவர் பிழையா நினைப்பார். கொஞ்ச நேரம் இருந்துபோட்டு வருவம்," என்றார் கணவர். என் தகப்பனாருக்கு, ஐயாவுக்கு, தெரியக்கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

மாலை ரயிலில் போனோம். போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டார்கள். தலைமைக் கிளாக்கரின் மனைவி என்னை ஒரு நாற்காலியில் இருத்திவிட்டு வெள்ளைக்காரரோடு கதைக்கப் போய்விட்டார். பட்டுச்சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டு தனியாக இருந்தேன். எனக்கு ஐந்தாறு முழத் தூரத்தில் பியானோ.

அதை வாசித்தவர் ஒரு பறங்கிப் பெண்மணி, ஒல்லாந்தர் வழிவந்தவர். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கத்தரித்த தலைமயிர், கையில்லாத சட்டை. பியானோவின் மேல் ஒரு தட்டில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதோடு விடாமல், நாற்காலியையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவர் கண்டிருப்பார்.

சாப்பாட்டு மேசையில் எனக்கென்று இருந்தது பாணும் அன்னாசித் துண்டுகளும்தான். மற்றதெல்லாம் இறைச்சி. வெக்கையில் தொண்டை வறண்டது. மேசையின் ஓரத்தில் பெரிய கண்ணாடிக் கோப்பை ஒன்றில் சிவப்பாக ஒரு பானம், மேலே பழத்துண்டுகள் மிதந்தன. சர்பத் என்று நினைத்து ஒரு கிளாஸ் குடித்தேன். இனிப்பும் புளிப்புமாக நன்றாக இருந்தது. மறுபடியும் குடித்தேன். பிறகும் குடித்தேன். அதே மாதிரியான இன்னொரு கோப்பை மேசையின் மறுபக்கத்தில் இருந்தது. குடிக்காதவர்களுக்கு என்று வைத்தது அதுதான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் கால் லேசானது. பிறகு எல்லோரையும் பார்க்கச் சிரிப்பு வந்தது. பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எனக்கும் பாட வரும் என்பதை இவர்களுக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது. நாற்காலியில் இருந்தபடியே பாடத் தொடங்கினேன். எனக்கு மனப்பாடமாக இருந்தது ஊர்வலப் பாட்டுத்தான். கள்ளும் சாராயமும் குடியைக் கெடுக்கும் என்று தொண்டை திறந்து பாடினேன்.

பறங்கிப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். என் கையில் இருந்த கிளாஸையும் பார்த்தார். உடனே தான் வாசித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, வீடு அதிர ஏதோ ஒரு துள்ளல் பாட்டை அடிக்கத் தொடங்கினார். நடனக்காரர்கள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து வந்து என் இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"வாரும் பிள்ளை, வெளியிலை காத்துப் பிடிப்பம்," என்றார். எங்களைப் போலவே தமிழ் கதைத்தார். அது எனக்கு அந்த மயக்கத்திலும் ஆச்சரியமாக இருந்தது ஞாபகம்.

பின்விறாந்தையை அடைவதற்குள் வயிறு புரட்டிவிட்டது. நிலமெல்லாம் சத்தி. அவருடைய சட்டையிலும் பட்டது. அவர் ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என் சேலைத் தலைப்பை ஒதுக்கிப் பிடித்தார். என் தாய்கூட அப்படிப் பிடித்திருக்க மாட்டார். வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு என்னைத் தூணில் சாய்த்து நிறுத்தினார்.

அப்போதுதான் தலைமைக் கிளாக்கரின் மனைவி வந்தார். பின்னால் இரண்டு பெண்கள். நிலத்தைப் பார்த்தார். மூக்கைப் பொத்தினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பறங்கிப் பெண்மணி இங்கிலிஷில் சொன்னார். எனக்கு விளங்கும் அளவுக்கு இங்கிலிஷ் தெரியும். தான் அளவு தெரியாமல் குடித்துவிட்டதாகவும், இந்தப் பிள்ளை பாவம், தன்னைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்ததாகவும் சொன்னார். சொல்லும்போது தள்ளாடுவது போலச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வாயைத் திறந்தால் மறுபடியும் சத்தி வரும் என்று பயந்து நான் பேசாமல் நின்றேன். உண்மையில் அதற்காக மட்டும் இல்லை.

அவரை அப்போதே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் தொப்பியையும் பையையும் எடுத்துக்கொண்டு மண்டபத்தின் நடுவால் நடந்து போனதை நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். ஒரு கிராமபோனைக் கொண்டுவந்து வைத்து நடனத்தைத் தொடர்ந்தார்கள்.

வாடகைக் காரில் திரும்பினோம். கணவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார். அடுத்த நாள் காலையில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து தந்து, "தலை இடிக்குதோ?" என்றார். நான் அழுதேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும். அவ தான் எண்டு எல்லாரும் நினைக்கினம். அப்பிடியே போகட்டும்," என்றார்.

கதை காலும் கையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. ஒரு கிழமைக்குள் ஐயா வாழைக்குலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் இருந்ததும் இருக்காததுமாக அதைத்தான் தொடங்கினார்.

"கேள்விப்பட்டியோ பிள்ளை? காங்கேசன்துறையிலை ஒரு பறங்கிச்சி குடிச்சுப்போட்டு விழுந்து கிடந்தவளாம். ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்திலை உதைப் பற்றித்தான் கதைக்கப் போறன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஐயா, உது அவ இல்லை. நான்," என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் முகம் இருண்டது. "தெரிஞ்சோ குடிச்சனி?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை ஐயா. சத்தியமாத் தெரியாது."

சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபம் இருந்தாலும் பரவாயில்லை, இனி அந்தக் கதையை மேடையில் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நானும் போனேன். போகாவிட்டால் ஊர் கேட்கும். கோயிலுக்குப் பக்கத்து வெளியில் பாய் விரித்து ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். ஐயா எழுந்து பேசினார். நன்றாகப் பேசக்கூடியவர். கொஞ்ச நேரத்தில் காங்கேசன்துறைக்கு வந்துவிட்டார். அந்தப் பெண் எப்படித் தள்ளாடினாள், எப்படி நிலத்தில் கிடந்தாள், நல்ல குடும்பத்துப் பெண்கள் எப்படி அருவருத்து விலகினார்கள் என்று, நடக்காததையும் சேர்த்துச் சொன்னார். சொல்லும்போது பெண்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

சனம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த பெரியம்மா முழங்கையால் என்னை இடித்து, "ஐயா என்ன மாதிரிக் கதைக்கிறார் பாரன்," என்றார். நானும் கைதட்டினேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. குடித்தது தெரியாமல் நடந்தது. அதற்கு வெட்கப்பட்டேன், ஆனால் அது ஆறிவிடும் வெட்கம். கைதட்டியது தெரிந்து செய்தது.

அந்தப் பெண்மணியை வாடிவீட்டுக்கு இப்போது கூப்பிடுவதில்லை என்று கணவர் பேச்சுவாக்கில் சொன்னார். அவரிடம் பியானோ பழகிய பிள்ளைகளையும் தாய்மார் நிறுத்திவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. கணவர் கந்தோருக்குப் போனதும் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பட்டினத்தில், கோட்டைக்குச் சமீபமாக, ஓடு போட்ட சின்ன வீடு.

கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டார். "உள்ளுக்கு வாரும்," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னாலைதான் உங்களுக்கு இவ்வளவும் வந்தது, மிஸ். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"யோசிச்சுச் சொல்லேல்லைப் பிள்ளை. உம்முடைய முகத்தைப் பாத்தன். எனக்கெண்டால் ரெண்டு நாள் கதைச்சுப்போட்டு விட்டிடுவினம், உமக்கு சீவியம் முழுக்கச் சொல்லுவினம் எண்டு நினைச்சன். ரெண்டு நாளிலை முடியேல்லை." பிறகு சொன்னார்: "உம்மிலை கோபமும் வந்ததுதான். பொய் சொல்ல மாட்டன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "அண்டைக்கு நீர் பாடினது என்ன பாட்டு?" என்று கேட்டார்.

"கள்ளுக் குடிக்கக் கூடாது எண்ட பாட்டு."

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். அவரைப் பார்த்து நானும் சிரித்தேன். அந்த ஒரு சில நிமிஷம் நாங்கள் இருவரும் வெகுநாள் சிநேகிதிகள் போல இருந்தோம்.

"நான் போய்த் தலைமைக் கிளாக்கரின்ரை மனுசியிட்டை உண்மையைச் சொல்லப் போறன்," என்றேன்.

"உம்முடைய மனுசனின்ரை உத்தியோகம்?"

"என்ன வந்தாலும் வரட்டும்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். அவருக்கும் அது தேவையாக இருந்தது.

அங்கிருந்து நேரே போனேன். தலைமைக் கிளாக்கரின் மனைவி என்னை நடு அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, தேத்தண்ணி தரச் சொன்னார். நான் கதவைச் சாத்திவிட்டு, தேத்தண்ணி வருமுன்பே எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டு முடியும் வரைக்கும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றார். "அண்டைக்கே தெரியும். ஆர் குடிச்சது, ஆர் குடிக்கேல்லை எண்டு முகத்தைப் பாத்தால் விளங்காதே?"

"அப்ப ஏன் அவவை..."

"நீர் இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்சாதி. உம்மைப் பற்றி ஒரு கதை வந்தால் எத்தினை பேருக்கு அவமானம்? எங்கடை கந்தோருக்கும் அவமானம். அவவுக்கு ஆர் இருக்கினம்? தானாச் சொன்னவ, நாங்கள் கேக்கேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு வீட்டை போம். இதை வேறை ஒருத்தரிட்டையும் கதைக்காதையும்."

தேத்தண்ணியைக் குடித்தேன். வீட்டுக்குப் போனேன்.

என் கணவருடைய உத்தியோகத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பின்னாளில் பதவி உயர்வும் கிடைத்தது. பறங்கிப் பெண்மணியிடம் திரும்பிப் போய், நான் உண்மையைச் சொன்னதையும் அது ஏற்கனவே அவர்களுக்குத் தெரிந்திருந்ததையும் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் போனபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர் கொழும்பில் தங்கையோடு இருக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பியானோவைக் கொண்டுபோக முடியாமல் இங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

அதன் பிறகு ஐயா பல வருஷம் இருந்தார். எங்கள் இருவருக்கும் இடையில் அந்தப் பேச்சு ஒருநாளும் வரவில்லை. நல்ல மனிதர்தான். என் மேல் உயிரையே வைத்திருந்தார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மேடையில் அவர் வேறு எதைப் பேசினாலும் என்னால் பிறகு நிமிர்ந்து இருந்து கேட்க முடிந்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனப்பாரம் குறையும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் என் தகப்பனாரிடம் சொன்னேன், தலைமைக் கிளாக்கரின் மனைவியிடம் சொன்னேன். எனக்குக் குறையவில்லை. ஏனென்று இப்போது விளங்குகிறது. அந்தப் பறங்கிப் பெண்மணியைப் பற்றிய பொய் ஊர் கூடியிருந்த வெளியில் சொல்லப்பட்டது. நானோ உண்மையைக் கதவு சாத்திய அறைகளுக்குள் மட்டும் சொல்லிவிட்டு, என் கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பதை நினைக்கும்போது இந்த வயதிலும் எனக்கு முகம் கூசுகிறது.