ஏர் கூலர் வந்த கோடை

ஓசூரில் வெயில் ஏது என்று எங்கள் சாத்தூர்ச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மத்திகிரியில் சிமெண்ட் ஷீட் போட்ட வாடகை வீட்டில் ஒரு சித்திரை மதியம் இருந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். நாலு மாதக் குழந்தையான தம்பிக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. "ரெண்டு நாள் பாப்பேன், பெறவு பிள்ளைகளத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து அப்பா மினி ஆட்டோவில் வந்து இறங்கினார், ஒரு பெரிய தகரப் பெட்டியோடு. ஏர் கூலர்! எங்கள் தெருவிலேயே முதல் கூலர். முனை வரை ஓடி எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். சுவிட்சைத் தட்டியதும் அது உறுமியது. அம்மாவின் முந்தானை பறந்தது. பல நாளைக்கு அப்புறம் அம்மா சிரித்தாள்.

இவ்வளவு குளிரை வெளியே விடலாமா? அப்பா கதவைச் சாத்தினார். நான் ஜன்னலை மூடி, இடுக்கில் பழைய துணி திணித்தேன். ஒரு மணி நேரம் சொர்க்கம். பிறகு தரை பிசுபிசுத்தது, முறுக்கு நமத்தது, தீக்குச்சி பற்ற மறுத்தது. கூலர் காற்றை வாரி இறைக்க இறைக்க எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. தம்பி வீறிட்டான். அம்மா பரணிலிருந்து பையை இறக்கினாள்.

அழுகை கேட்டு வந்தவள் பக்கத்து வீட்டு அக்கா, கன்னடக்காரி. உள்ளே கால் வைத்ததும், "ஐயோ, இட்லிச் சட்டி மாதிரி இருக்குதே! கிட்கி தொறங்க. ஈரக் காத்து போறதுக்கு வழி வேணாமா?" என்றாள். கூலரின் முதுகு வெளியே இருக்கும்படி பின்வாசலில் வைக்கச் சொன்னாள். எதிர்ச்சுவர் ஜன்னலைத் தானே திறந்தாள். கால் மணி நேரத்தில் வீடு லேசாகியது. தம்பி தூங்கிப்போனான். பை பரணுக்குத் திரும்பியது. நான் குதித்த குதிக்கு அளவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து அக்கா தினமும் எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நான் தண்ணீர் சுமந்து உண்டாக்கிய குளிரைத் திருடத்தான் இந்த யோசனை என்று கண்டுபிடித்துவிட்டேன்! நாலாம் நாள் அவள் முகத்துக்கு நேரே ஜன்னலைச் சாத்தினேன். அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "குளிருக்கா வாரா? பிள்ளையப் பாக்க வாராடி, கூறுகெட்டவளே!"

எந்நேரமும் அழுகிற தம்பியிடம் பார்க்க என்ன இருக்கிறது? அந்த ஜன்னல் வழியாகப் போனது வெக்கையும் ஈரமும்தான், அதற்காக யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. அம்மா தம்பியைத் தூக்கிப் போய் அக்காவின் மடியில் போட்டாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அம்மாவும் அக்காவும் ஏன் அழுகிறார்கள் என்று விளங்காமல், நான் கூலருக்குத் தண்ணீர் ஊற்ற ஓடினேன்.