ஹெப்சிபாவின் முதற்பலன்

பாளையங்கோட்டையில் அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால், சேவல்கூடக் வேதக்கோயில் வாசலுக்குத் தானே நடந்துவந்து கட்டுவதற்குக் காலை நீட்டும். அவரவர் உழைப்பின் முதற்பலனைக் காணிக்கையாக ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஊனமுள்ளது ஆகாது. 1996இல் கல்லூரி ஆசிரியை ஹெப்சிபாவின் முதற்பலன் ஒரு கையகலப் பிளாஸ்டிக் பலகை. அவளைக் கேளாமலே அதை மேசையில் வைத்தவள் தாய் சாரம்மாள்.

ஹெப்சிபா ஜெர்மனியில் ஓராண்டு ஆராய்ச்சி செய்து திரும்பியிருந்தாள். அணுவின் நடுவிலிருக்கும் புரோட்டான், நொடியிலும் நொடியாகப் பையான் என்ற குட்டித் துகளை வெளியே விட்டு, தான் நியூட்ரானாகி ஓடும். அந்தச் சமயம் பார்த்து எலக்ட்ரானை மோதவிட்டால் பையானின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று அறியலாம். அடிபட்டது பையான்தான் என்பதற்குச் சாட்சி, அடிபடாமல் நேரே ஓடிவரும் நியூட்ரான். அதைப் பிடிக்க, துகள் பட்டால் மினுங்கும் பலகைகளை அடுக்குவது அவள் வேலை.

அந்தப் பலகைகளை வெறுங்கையால் தொடக்கூடாது. ஒரு நாள் தாய் கட்டிக்கொடுத்த தேங்காயெண்ணெயை வைத்துத் தலை பின்னிய கையோடு, அவசரத்தில் கையுறை போடாமல் ஒன்றைத் தொட்டுவிட்டாள். விரல் பட்ட இடமெல்லாம் மயிரிழை வெடிப்பு. ஆய்வகத்தார் கழித்துப்போட்ட அதை, யார் கண்ணிலும் பட வேண்டாமென்று பெட்டிக்கடியில் ஒளித்தாள். பெட்டியைப் பிரித்த தாய், நீ அங்கே செய்ததா என்றாள். இவள் தலையாட்டியதோடு சரி.

ஏலம் விட்ட எஸ்றா பலகையை வெயிலில் தூக்கிப் பிடித்தார். “பாத்துக்கிடுங்க வே, புரோட்டான் ஓடுன தடம் தெரியுது.”

கூட்டம் எக்கிப் பார்த்தது. சாரம்மாளின் முக வெளிச்சத்தில் நெல் காயவைத்திருக்கலாம். கல்லூரி முதல்வர், ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்று விலையை ஏற்றினார்.

பிள்ளைகளுக்கு என்றதும் ஹெப்சிபா எழுந்தாள். “அது தடம் இல்ல அண்ணாச்சி. எண்ணெ பட்ட என் வெரலு. பலகை கெட்டுப்போனது.”

எஸ்றா பைய அதைக் கீழே வைத்தார். முதல்வர் தன் செருப்பைப் பார்த்தார். ஊனமுள்ளதையா வைத்தார்கள் என்று பின்னால் யாரோ முனகினார்கள். அடுத்து வந்த சேவல் நல்ல விலைக்குப் போயிற்று.

வீடு வந்ததும் சாரம்மாள் வாசலில் நின்றாள். “ஏட்டி, நான் குடுத்துவிட்ட எண்ணெயா?”

“இல்லம்மா. அங்கன கடையில வாங்குனது.”

சபை நடுவே நிமிர்ந்து நின்றவளால் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பனி கொட்டும் ஊரில் எந்தக் கடையில் அந்த எண்ணெய் விற்கிறது என்று சாரம்மாளும் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.