மழைக்கோட்டுக்குள் ஐஸ் பெட்டி

வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து வருகிற தொழிலில் இரண்டு தொந்தரவுகள் உண்டு: டீ குடித்துவிட்டு வெறும் வயிறு என்று சொல்கிறவர்கள் ஒன்று, மழை இன்னொன்று. முதல் வகையினர் இரண்டு கேள்வி கேட்டால் ஒத்துக்கொண்டுவிடுவார்கள். மழையிடம் கேள்வி கேட்க முடியாது.

நான் சங்கரன்கோவிலில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். புளியங்குடி, சிவகிரி, குருவிகுளம் பக்கத்து ஊர்களில் லேபுக்கு வர முடியாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு லேப் பைக்கில் போய் இரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கெடுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். லேபை நடத்தும் கிரேஸ் மேடம் நான் சேர்ந்த அன்றே சொன்னார்: "இப்போதைக்கு வெளி வேலை. உள்ள மெஷின் பக்கம் ஒரு எடம் காலியாவுது. இந்த மழைக்காலம் முழுக்க ஒரு சாம்பிளும் கெடாம கொண்டு வாங்க, பாப்போம்."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மெஷின் பக்கத்து நாற்காலிக்கு மேலே ஃபேன் இருந்தது, அதற்கு மேலே கூரை இருந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் வானத்திலுமாகத்தான் வண்டி ஓட்டினேன். மழையில் பைக் ஓட்டிப் பிழைக்கிற மருந்துக் கம்பெனிக்காரர்களே, கூரியர்க்காரர்களே, உங்களுக்கு இதில் பலதும் புதிதாக இருக்காது.

மடியில் ஒரு குளம்

மழைக்கோட்டு என்பது உள்ளே வந்த மழையை வெளியே விடாத உடை. கழுத்து வழியாக வருவது முதுகுக்குப் போகும். கை வழியாக வருவது முழங்கைக்குப் போகும். மீதியெல்லாம் மடியில் தேங்கி நிற்கும். பிரேக் பிடித்துக் காலை ஊன்றியதும் அந்தக் குளம் மொத்தமும் ஷூவுக்குள் இறங்கும். லேபில் நல்ல மழைக்கோட்டு ஒன்றுதான் இருந்தது. அதைப் பெட்டிக்குப் போட்டேன். கிழிந்ததை நான் போட்டுக்கொண்டேன்.

அம்மா நடுகைக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அடைமழையில் வயலில் வேலை இருக்காது என்பதால் ஒரு நாள் காலையில் வீட்டில் இருந்தாள். கிழிந்த கோட்டில் எது கை, எது கிழிசல் என்று நான் தேடிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்தாள். இது கொஞ்ச நாளைக்குத்தான், மழைக்காலம் முடிந்ததும் உள்ளே உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "மழை பெஞ்சா எங்களுக்கே வேலை கெடையாது மக்கா. இம்புட்டும் படிச்சிட்டு நீ எங்கலே போற?"

என்ன மீன்?

மழைக்கு ஒதுங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒதுங்கிய இடத்தில் எல்லோருக்கும் நேரம் இருக்கும். நம் பெட்டியைப் பார்ப்பார்கள். புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நின்றேன். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே நின்ற ஓர் அக்கா, பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, "என்ன மீனுய்யா? சாளையா?" என்று கேட்டார். மீன் இல்லை என்றேன். பின்னே என்ன என்றார். எனக்குப் பொய் சட்டென்று வராது. "ரத்தம்க்கா" என்றேன்.

கொட்டகையில் நின்றவர்கள் ஓர் அடி தள்ளி நின்றார்கள். அந்த அக்கா மட்டும் ஓர் அடி முன்னால் வந்தார். "ஆட்டு ரத்தம்னா கொஞ்சம் குடுத்துட்டுப் போய்யா. எங்க வீட்டுக்காரருக்குப் பொரியல்னா உசிரு."

நல்லதையும் சொல்ல வேண்டும்

மழையில் பைக் ஓட்டுவதில் சுகமே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சிவகிரி ரோட்டில் தூறல் மட்டும் விழுகிற காலையில் மலை பக்கத்தில் வந்து நிற்கும். தூசி கிடையாது. முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி கிடையாது. ஹெல்மெட்டுக்குள் எவ்வளவு சத்தமாகப் பாடினாலும் வெளியே கேட்காது. எனக்குக் குரல் சரியில்லை. அதனால் இந்த வசதியை மிகவும் மதிக்கிறேன். இன்னொரு லாபமும் உண்டு. வெயில் நாளில் கால் மணி நேரம் தாமதமானால் முறைக்கிறவர்கள், மழை நாளில் அதே தாமதத்துக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்வார்கள்.

சிவகிரியில் அப்படித் துண்டு கொடுத்தவர், சர்க்கரைக்கு மாதாமாதம் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர். ஊசிக்குப் பயப்படாதவர். நரம்பு பார்க்கக் கையைத் தொட்டதும் வீடே அதிரும்படி அலறினார். சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். இன்னும் குத்தவே இல்லை என்று ஊசியின் மூடியைக் காட்டினேன். அண்ணாச்சி என் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊசி எத்தனை வேணும்னாலும் குத்தும். அந்தக் கைய மட்டும் அடுப்புல காட்டிட்டு வாரும்வே."

தானாக நின்ற வண்டி

குருவிகுளத்துக்கு அப்பால் ஓர் ஊரில், பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு மஞ்சள் தட்டியிருந்தது. கொட்டுகிற மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், இரத்தம் மட்டும் வரட்டும், அளவைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா என்று சொல்கிறேன் என்று சங்கரன்கோவில் டாக்டர் சொல்லியிருந்தார். நான் போனேன். குதிகாலில் குத்தி எடுத்தபோது குழந்தையைவிட அதன் அப்பா அதிகமாக அழுதார். என் வயதுதான் இருக்கும். "இன்னொரு தடவ குத்துத மாதிரி வச்சிராதிய" என்றார். வெளிச்சம் படாமல் குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். சீக்கிரம் போய்ச் சேராவிட்டால் அந்தச் சின்னக் காலில் மறுபடியும் குத்த வேண்டியதுதான்.

அந்த ஊரிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் கரிசல் மண். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பி அப்பி, சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது. குச்சியால் தோண்டி எடுத்தேன். கொஞ்ச தூரம் போனது, மறுபடி அப்பியது. கடைசியில் நான் வண்டியைவிட்டு இறங்கினேன். வண்டி சாயவில்லை. ஸ்டாண்டு போடாமலேயே ரோட்டின் நடுவில் நின்றது.

லேப் வண்டியை நடுக்காட்டில் விட்டுவிட்டு வந்தால் நாற்காலி போய்விடும். வண்டியோடு நின்றால் சாம்பிள் கெடும். அப்போதும் நாற்காலி போய்விடும். கூடவே அந்தக் குதிகால். பக்கத்துப் புஞ்சையில் தண்ணீர் நிற்கிற அழகைக் குடையோடு பார்த்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் என் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டுட்டுப் போரும்வே. உமக்கே வராத வண்டி களவாணிக்கா வரப்போவுது?"

பெட்டிக்கு ஒரு மடி

பெட்டியை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, ஷூவையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன். நல்லவேளையாக சங்கரன்கோவில் பஸ் வந்தது. கூட்டம். படிக்கட்டுப் பக்கத்தில் நின்றேன். "மீன் பெட்டிய மேல ஏத்துப்பா, நாறுது" என்றார் கண்டக்டர். நாறியது நான்தான், ஆனாலும் விஷயத்தைச் சொன்னேன். சீட்டில் இருந்த ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டினார். "நீ ஆடுனா ஆடிட்டுப் போ. பிள்ளை ரத்தம் எதுக்கு ஆடணும்? இங்கன குடு." பெட்டியைச் சேலை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், பிள்ளை ஆணா பெண்ணா என்று விசாரித்தார். முன் சீட்டில் ஒருவர் மஞ்சள் தட்டின தன் பேரனின் கதையைத் தொடங்கினார்.

குருவிகுளத்தில் அந்த பஸ் டீக்கு நிற்பது வழக்கம். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். சொல்லலாமா, வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோதே கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். "விடுங்கண்ணே, டீய சங்கரங்கோயில்ல போய்க் குடிப்போம். பச்சப்பிள்ளைல்லா பஸ்ஸுல வருது!"

உரச்சாக்கு

சாம்பிள் கெடவில்லை. அளவு பயப்படும்படி இல்லை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை போனில் சொன்னபோது குழந்தையின் அப்பா மறுபடி அழுதார். மேடத்திடம் வண்டி எங்கே இருக்கிறது என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். "சரி" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் என்ன அர்த்தம் என்று யோசித்தேன்.

மறுநாள் வெயில். பஸ்ஸில் போய் இறங்கினேன். வண்டி அதே இடத்தில், அதே மாதிரி நின்றது. ஆனால் அதன்மேல் உரச்சாக்குகளைச் சேர்த்துத் தைத்த படுதா ஒன்று போர்த்தியிருந்தது. காற்றில் பறக்காமல் கயிறும் கட்டியிருந்தது. குழந்தையின் அப்பா கடப்பாரையோடு காத்திருந்தார். இருவருமாகச் சக்கரத்தைத் தோண்டி எடுத்தோம். படுதாவை மடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "நேத்து நீங்க போட்டிருந்த கோட்டவிட இது தேவல்லா அண்ணே, கொண்டு போறியளா?"

நாற்காலி

கார்த்திகை முடிந்து மழை விட்டது. ஒரு சாம்பிளும் கெடவில்லை. மேடம் கூப்பிட்டபோது, சட்டையை இன் பண்ணிக்கொண்டு போனேன். மெஷின் பக்கத்து நாற்காலியில் அப்போதுதான் படித்து முடித்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஓடியது. மேடம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். புது மழைக்கோட்டு, பேண்ட்டோடு சேர்ந்தது, உயர்ந்த ரகம்.

நான் நாற்காலியைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். "உள்ள உக்காருததுக்கு யாரு வேணும்னாலும் கெடைப்பாங்க தம்பி. வண்டியப் போட்டுட்டு சாம்பிளத் தூக்கிட்டு வார ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

மழையில் பைக் ஓட்டுகிற தோழர்களுக்கு என் அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கூரைக்குக் கீழே போக ஆசையிருந்தால் இந்த வேலையைக் கொஞ்சம் சுமாராகப் பாருங்கள்.