அண்ணியின் ஊக்கு

அண்ணியின் தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு ஊக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. எங்கள் குடும்பத்தில் யாருக்கு எது அறுந்தாலும், எது அவிழ்ந்தாலும், கை முதலில் நீளுவது அந்தக் கொடியை நோக்கித்தான். என் கல்யாணத்தன்று பட்டு வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது மானத்தைக் காப்பாற்றியது பெரிய ஊக்கு. அதை அண்ணி இன்றுவரை நாலு பேர் கூடுகிற இடத்தில் சொல்லிச் சிரிக்காமல் விட்டதில்லை. நான் சொல்ல வந்தது சின்ன ஊக்கைப் பற்றி. அது ஒரு கம்பியின் நுனியில் விழாமல் ஒட்டிக்கொண்டு தொங்கியதை என் கண்ணால் பார்த்தேன். சில வருடங்கள் ஓடிவிட்டன. பார்த்த அதிர்ச்சி மட்டும் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொம்மைக் காருக்கா இவ்வளவு ரகளை என்று நீங்கள் சிரித்துவிடுவீர்கள். ஸ்லாட் கார் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்சாரக் கார். மரப்பலகையில் போட்ட வளைந்து நெளிந்த பாதையில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். காரின் அடியில் இருக்கும் சின்ன நாக்கு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொள்ளும். பள்ளத்தின் இரண்டு பக்கமும் மின்சாரம் போகிற உலோகப் பட்டை. கையில் ஒரு விசை. அழுத்தினால் பறக்கும், விட்டால் நிற்கும், அவ்வளவுதான் ஓட்டுவது. வளைவில் ஆசைப்பட்டுக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கார் பள்ளத்தை விட்டு எகிறி யாருடைய தேநீர்க் கோப்பையிலாவது போய் இறங்கும். கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் எங்கள் கிளப் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வக்கீல் வருவார், லோரி ஓட்டுகிறவர் வருவார், பிரிக்ஃபீல்ட்ஸில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நானும் போவேன். உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் ஒரே வயதாகிவிடும்.

எங்களை அங்கே இழுத்துப் போனது அண்ணன். ஆனால் அவர் வாங்கிய கார்கள் வாங்கிய வேகத்தில் உடைந்தன. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பழுதான பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்துச் சரிசெய்கிற பிரிவில் அண்ணி வேலை பார்த்தார். கணவர் ஒட்டிய ஒட்டைப் பார்த்து, "இது என்னாங்க, பல்லிக்கு மாவுக்கட்டுப் போட்ட மாதிரி?" என்று கேட்டு, சால்டரிங் அயர்னைப் பிடுங்கிக்கொண்டவர்தான். பிறகு அதைத் திருப்பித் தரவேயில்லை. உடைந்ததை ஒட்டுவதில் தொடங்கி, கொஞ்ச காலத்தில் அடிச்சட்டமான சேஸியையே முழுசாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார். காரின் மேல்கூடு வெறும் அலங்காரம், ஓடுவது சேஸிதான். அண்ணி செய்வார், நான் ஓட்டுவேன் என்று ஆகிப்போனது. விசையில் என் விரல் நிதானமானது என்பது அவர் கட்சி. அண்ணன் விரலைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். சாப்பாட்டு மேசையில் தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றைப் போட்டுக்கொள்வார். பித்தளைத் தகட்டைச் சின்ன ரம்பத்தால் அறுத்து, இரண்டு பக்கமும் இறக்கைபோல வைப்பார். அச்சு ஓடப் பித்தளைக் குழாய்கள், நடுவே முதுகெலும்பாகப் பியானோக் கம்பி. பேர்தான் பியானோ, விறைப்பான எஃகுக் கம்பி அது. வளைத்தாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அந்தத் துள்ளல் இருந்தால்தான் கார் வளைவில் பாதையைக் கவ்வும். பற்றவைக்கப் போட்ட அமிலம் கம்பியைத் துரு பிடிக்க வைத்துவிடும் என்று ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் சேஸியைக் கழுவுவார். அதனால் அந்த வீட்டில் ஆப்பத்துக்கு சோடா இருந்ததே கிடையாது. கடைசியில் சேஸியைக் கண்ணாடிமேல் ஒரு விரல் உயரத்திலிருந்து போடுவார். 'டக்' என்று ஒரே சத்தம் வந்தால் சமம். 'டடக்' என்று வந்தால் எங்கோ ஒரு மூலை தூக்கியிருக்கிறது. மறுபடி எல்லாவற்றையும் உருக்குவார். சலிப்பு என்பதே அவர் முகத்தில் வராது. 'டக்' என்று விழுந்த அன்று மட்டும் சமையல் பிரமாதமாக இருக்கும்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியாயம் என்றால் அவருக்கு ஒருவித ஜுரம். இளவயதில் வட்டாரப் பந்தாட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். ஒருமுறை சொந்தத் தம்பியான எனக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். ஓட்டத் தெரியாதவரைப் பரிசோதகராக்கிவிடலாம் என்று கிளப்பில் யாரோ விளையாட்டாகச் சொல்ல, அவர் அதை உயிர்மூச்சாக எடுத்துக்கொண்டார். உயரம், அகலம், எடை, மோட்டார் எல்லாம் அவர் பார்த்துச் சரி என்றால்தான் சரி. அண்ணியின் காரை மட்டும் கடைசியாக, எல்லோரும் பார்க்க, மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துப் பார்ப்பார். 'வீட்டு வண்டி' என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பார். அந்தச் சிரிப்பை நான் அப்போது சரியாகப் பார்த்திருந்தேனா என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் கிளப்பில் ஒரு பேச்சு கிளம்பியது. வேறு ஊர்க் கிளப்பில் ஒருவன் பித்தளைக் குழாய்க்குள் காந்தத்தை ஒளித்துவைத்து ஓட்டினானாம். பாதையில் இருக்கும் பட்டை இரும்பு கலந்தது. காந்தம் வைத்த கார் வளைவில் பாதையோடு ஒட்டிக்கொண்டு போகும், எகிறவே எகிறாது. அண்ணனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போச்சு. அடுத்த பந்தயத்திலிருந்து ஜெயித்த காரில் மோட்டார், சக்கரம், அச்சு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓர் இரும்புத் துண்டால் தொட்டுப் பார்ப்பேன் என்று அறிவித்தார். அந்த அடுத்த பந்தயத்தில் ஜெயித்தது நாங்கள். எகிறாமல், ஓர் இடத்தில்கூடப் பிசகாமல் ஓடியது அந்தக் கார். அவ்வளவு நல்ல சேஸியை அண்ணி அதற்குமுன் செய்ததில்லை. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

அண்ணன் காரைக் கழற்றினார். தொட்டுப் பார்க்கக் கையில் எதுவும் இல்லை. திரும்பி, "இந்தாம்மா, அந்தச் சின்ன ஊக்கக் குடு" என்றார். அண்ணி தாலிக்கொடியிலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணன் அதைக் கம்பியின் ஓரத்தில் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். ஊக்கு விழவில்லை. லேசாக ஆடிக்கொண்டு தொங்கியது. அண்ணியை ஒரு கணம்கூடச் சந்தேகிக்கவில்லை நான்; ஆனால் கண்ணெதிரே தொங்குகிறதே! அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, பந்தாட்டத் திடலில் என்னை வெளியே அனுப்பிய அதே குரலில், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இந்த வண்டி செல்லாது. காந்தம் இருக்கு."

கிளப் உரிமையாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே, அவசரப்படாதீங்க லா. அக்காவ ஒரு வார்த்த கேளுங்க." அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார், அண்ணியிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணி எழுந்து போய்ப் பழுது பார்க்கும் மேசையில் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார். காரை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் வைத்து, ஒவ்வோர் ஒட்டாக உருக்கிப் பிரிக்க ஆரம்பித்தார். "அண்ணி, வேண்டாம்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறக்கைகள் கழன்றன, குழாய்கள் கழன்றன. ஒவ்வொரு குழாயையும் விளக்கில் தூக்கிக் காட்டினார். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. கடைசியில் மிஞ்சியது வெறும் கம்பி. அண்ணன் கையிலிருந்த ஊக்கை வாங்கி அதில் தொட்டார். ஒட்டியது. பக்கத்தில் கிடந்த மோட்டாரைக் காட்டி, "காந்தம் இதுக்குள்ள இருக்கு. எஃகுக் கம்பி மாசக்கணக்கா இது பக்கத்துலயே கெடந்தா அதுக்கும் கொஞ்சம் தொத்திக்கும்" என்றார். உரிமையாளர் ஓடிப்போய்த் தன் காரைக் கழற்றி ஊக்கை வைத்துப் பார்த்தார். ஒட்டியது. அங்கிருந்த எல்லாக் காரிலும் ஒட்டியது.

"தப்பு என்மேலதான். ஜெயிச்சது செல்லும்" என்ற அண்ணன், பரிசுக் கோப்பையை எடுத்து நீட்டினார். அண்ணி துண்டுகளைச் சாப்பாட்டு டப்பாவில் வாரிப் போட்டுக்கொண்டே, "வண்டி எங்கங்க இருக்கு? இல்லாத வண்டிக்கு எதுக்குக் கப்பு?" என்று கேட்டார். கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருக்கலாம். காய்கறிக்காரரிடம் கொத்தமல்லி கேட்கிற குரலில் சொன்னார்.

வீடு திரும்பும்போது அண்ணன் காரை ஓட்ட, நான் பக்கத்தில், அண்ணி பின்னால். சாலைக் குண்டுகுழியில் டப்பாவுக்குள் பித்தளை கலகலவென்றது. தாங்காமல் நான்தான் கேட்டேன்: "அண்ணி, தெரிஞ்சிருந்தா அப்பவே வாயால சொல்லியிருக்கலாமே. எதுக்கு அந்த வண்டிய அழிச்சீங்க?" அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. உங்கண்ணன் கேக்கலையே." அண்ணன் கை ஸ்டியரிங்கில் இறுகியதைப் பார்த்தேன். ஊக்கு அவர் சட்டைப்பையில் இருந்தது. எப்போது போட்டுக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டில் பெரிய சண்டை நடக்கும், அண்ணி பேசாமல் இருப்பார் என்றெல்லாம் பயந்தேன். ஒன்றும் இல்லை. சேர்ந்து பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனார்கள், கோவிலுக்குப் போனார்கள், டிவி பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் ஒருமுறைக்குப் பலமுறை மன்னிப்புக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். "சரி, விடுங்க" என்றாராம் அண்ணி. நானும் விட்டுவிட்டார் என்று நம்பிவிட்டேன். அடுத்த மாதம் அவர் புதிய காரை மேசைமேல் வைத்தபோதுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. சேஸியில் கம்பியே இல்லை. முழுக்க முழுக்கப் பித்தளை. பித்தளையில் ஊக்கு ஒட்டாது. பித்தளை கனம், மெது, ஓர் இடி இடித்தால் வளைந்தபடியே நிற்கும், துள்ளல் என்பதே வராது. அவருக்கு இது தெரியாதா? கிளப்பில் ஊக்குச் சோதனையை அதற்குள் நீக்கியே விட்டிருந்தார்கள். அண்ணன் காரைப் பார்த்துவிட்டு, "சரி, போலாம்" என்றார். அண்ணி நகரவில்லை. "ஊக்கு வச்சிப் பாருங்க. உங்ககிட்டதான இருக்கு" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தொட்டார், விட்டார். ஊக்கு மேசைமேல் விழுந்து சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அன்று நாங்கள் கடைசியாக வந்தோம்.

அதற்குப்பின் எல்லாப் பந்தயத்திலும் அதே கதைதான். அவர் பித்தளைக் காரை வைப்பார், அண்ணன் ஊக்கை எடுப்பார், அது விழும், நாங்கள் தோற்போம். பரிசோதகர் வேலையே வேண்டாம் என்று அண்ணன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நீங்க விட்டா, பொண்டாட்டி வெரட்டிட்டான்னு எனக்குத்தான் பேரு. இருங்க" என்று அண்ணி சொல்லிவிட்டார். நானும் கெஞ்சினேன். "ஒரே ஒரு கம்பி வைங்க அண்ணி. ஜெயிச்சு நாளாச்சு." அவர் சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னொரு தோசை போட்டார். இருவரையும் உலுக்கி எடுக்க வேண்டும்போல இருக்கும் எனக்கு. ஒருவர் கேட்காமல் தீர்ப்புச் சொன்னார். இன்னொருவர் தீர்ப்பை முடியவே விடமாட்டேன் என்கிறார். நடுவில் தோற்றுக்கொண்டிருப்பது நான்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுகிற நேரத்தில் அவள் சேலைத் தலைப்பு நழுவியது. "பெரிம்மா, ஊக்கு!" என்று பதறிக் கை நீட்டினாள். அண்ணியின் கை பழக்கத்தில் தாலிக்கொடிக்குப் போய் அங்கேயே நின்றது. கொடியில் ஒன்றுமில்லை. பெரிய ஊக்கையும் அவர் எப்போதோ கழற்றியிருக்கிறார். எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணன் பட்டுச் சட்டையின் பைக்குள் கையை விட்டு அந்தச் சின்ன ஊக்கை எடுத்து நீட்டினார். அண்ணி அதை ஒரு கணம் பார்த்தார், வாங்கினார், என் மகளின் தோளில் தலைப்பை மடித்து அழகாகக் குத்தினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முடிந்தது, இத்தோடு முடிந்தது என்று நினைத்து மைத்துனர்களோடு சாப்பிடப் போய்விட்டேன்.

சடங்கு முடிந்து மகள் வேறு உடைக்கு மாறிவந்தாள். அண்ணி அவளிடமிருந்து ஊக்கைக் கேட்டு வாங்கினார். இனி அது தாலிக்கொடிக்குத்தான் போகும் என்று இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பந்தியைக் கடந்து அண்ணனிடம் வந்தார். ஊக்கை மூடி, அவர் சட்டைப்பையில் போட்டு, பையை மேலே லேசாகத் தட்டிவிட்டார். "ஞாயித்துக்கெழம ரேஸு இருக்கு. தொலைச்சிடாதீங்க" என்றார்.

அண்ணன் சரி என்று தலையை ஆட்டினார். அண்ணி பாயசம் பரிமாறப் போய்விட்டார்.